கொழுப்பும் எலும்பும்: பாதி உண்மையான ஒரு நம்பிக்கை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெண்பிள்ளை பருவமடைந்த வீட்டில் முதலில் தேடப்படுபவை உளுத்தம்மாவும் நல்லெண்ணெயும் முட்டையுமாகும். களி கிண்டி, எண்ணெய் மிதக்க ஊற்றி, பிள்ளை முகஞ்சுளிக்கச் சுளிக்க ஊட்டுவர். காரணம் கேட்டால், இடுப்பெலும்பு பலப்பட வேண்டுமென்பர் பெரியோர். முஸ்லிம் இல்லங்களிலும் பிள்ளை பெற்ற தாயைத் தேற்றுவதற்கென ஊட்டமான உணவுகளைத் தனியே ஆக்கிக் கொடுக்கும் வழக்கம் உண்டு. உடம்பு பூசினாற்போல் இருந்தால் உள்ளேயிருக்கும் எலும்பும் உறுதியாக இருக்கும் என்பதே இவற்றின் பின்னாலுள்ள எண்ணம். மெலிந்தவரை 'எலும்புந் தோலுமாய்' என இரங்கிப் பேசும் எமது மொழியிலும் இந்த எண்ணமே குடியிருக்கின்றது.

இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரியானது? மருத்துவ ஆய்வாளர்கள் இக்கேள்வியை நாற்பது ஆண்டுகளாக அலசி வருகின்றனர். தொடக்கத்தில் கிடைத்த விடை எமது பாட்டிமார் சொன்னதையே உறுதி செய்தது. பின்னர் வந்த விடைகள் அதன் சரிபாதியைத் தள்ளிவிட்டன. தள்ளப்பட்ட அந்தப் பாதிதான் இன்று இலங்கையில், குறிப்பாக வயிறு முன்தள்ளிய நடுத்தர வயதினர் பெருகிவரும் எமது ஊர்களில், கவனிக்கப்பட வேண்டியதாயுள்ளது.

மனித உடலின் அமைப்பைத் தமிழில் எழுதிப் படிப்பிக்கலாம் என முதன்முதலில் செய்து காட்டிய ஊர் மானிப்பாய் ஆகும். 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், அடுத்த ஆண்டு மானிப்பாய்க்கு மாறி அங்கே வைத்தியசாலை நடத்தினார். இன்று கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை என அவர் பெயரைத் தாங்கி நிற்பது அதுவே. அவர் கற்றர் என்பவரின் உடலமைப்பு நூலை 1852இலும், கிரேயின் பெருநூலை 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் 1872இலும் தமிழில் வெளியிட்டார். தமிழிலேயே வைத்திய மாணவர்களைப் பயிற்றி, 1873இல் தாயகம் திரும்பினார். அவர் பிறந்த ஊர் மசாசூசெற்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்ரர். அதிலிருந்து கிழக்கே சுமார் 30 கிலோமீற்றர் சென்றால் பிரேமிங்ஹாம் என்ற சிறு நகரம் வரும். கிறீன் மானிப்பாயில் வைத்தியசாலையைத் தொடங்கிச் சரியாக நூறாண்டுகளுக்குப் பின், 1948இல், அந்நகரத்தவர் 5,209 பேரைத் தெரிந்தெடுத்து இதயநோய் பற்றிய நீண்டகால ஆய்வொன்று தொடங்கப்பட்டது. அதே மக்களின் எலும்புகளும் பின்னாளில் அளக்கப்பட்டன. கொழுப்புக்கும் எலும்புக்கும் உள்ள உறவு பற்றி இன்று நாமறிந்தவற்றில் ஒரு பகுதி அங்கிருந்து வந்ததே.

மேலே செல்லுமுன் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. எமது மக்கள் 'எலும்புத் தேய்மானம்' என்று பொதுவாகச் சொல்வதில் இரு வேறு நோய்கள் அடங்கியுள்ளன. முழங்கால் மூட்டின் கசியிழையம் தேய்ந்து, நடக்கவும் குந்தவும் வலி தருவது ஒன்று. உடற்பருமன் அதற்கு நேரடியான பகை என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடில்லை. மற்றையது ஒஸ்ரியோபொரோசிஸ் என வைத்தியர்கள் வழங்குவது. எலும்பின் உட்புறம் கரையான் அரித்த மரம்போல் துளைபட்டு, சிறு விழுகையிலேயே முறிந்துவிடும் நிலை அது. அது வலிக்காது, முறியும்வரை தன்னைக் காட்டிக்கொள்ளாது. இக்கட்டுரை பேசுவது இந்த இரண்டாவதைப் பற்றியே. இதனை எலும்பு நொய்மை என்போம். பாடநூல்கள் 'என்பு' என எழுதினாலும் பேச்சு வழக்கைக் கருதி எலும்பு என்றே இங்கு எழுதுகிறோம்.

முதலில் நம்பிக்கையின் உண்மையான பாதி. பிரேமிங்ஹாமில் முதியோரின் எலும்புத் திணிவை அளந்து 1993இல் வெளியிடப்பட்ட ஆய்வில், உடல் எடை கூடியவர்களுக்கு எலும்பும் செறிவாயிருந்தமை தெரிந்தது. பெண்களில் அளந்த எல்லா இடங்களிலும் இது காணப்பட்டது. ஆண்களிலோ பாரந்தாங்கும் எலும்புகளில் மட்டுமே தெளிவாகத் தெரிந்தது. இந்த வேறுபாடு சிந்திக்கத்தக்கது. பாரம் மட்டுமே காரணமாயின் இருபாலாருக்கும் ஒரே விதமாகவே இருந்திருக்க வேண்டும். பெண்ணுக்கு வேறொரு துணையும் இருக்கிறது என்பதையே அது காட்டியது.

பாரத்தின் வேலை எளிதில் விளங்கக்கூடியது. தன்மேல் விழும் சுமைக்கேற்ப எலும்பு தன்னைக் கட்டிக்கொள்கிறது என்பதை ஜேர்மனியச் சத்திரசிகிச்சை நிபுணர் யூலியஸ் வொல்வ் 1892இலேயே எழுதிவைத்தார். எலும்பு கல்லைப்போல் கிடக்கும் பொருளன்று. வளர்ந்தவரின் எலும்புக்கூட்டிலும் ஆண்டுக்குப் பத்திலொரு பங்களவு இடிக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்படுகிறது. சுமை இருந்தால் கட்டும் வேலை மிகும், இல்லாவிட்டால் இடிக்கும் வேலை மிகும். விண்வெளி நிலையத்தில் பாரமற்று மிதப்போர் மாதமொன்றுக்கு இடுப்பெலும்பில் ஒரு சதவீதத்துக்கு மேல் இழப்பது இதனாலேயே.

பெண்ணுக்குள்ள மற்றைய துணை ஈஸ்ட்ரோஜன் என்ற ஹோர்மோன். மாதவிடாய் நிற்கும் வரை அதனைச் சூலகம் சுரக்கிறது. எலும்பை இடிக்கும் கலங்களை அது அடக்கி வைத்திருக்கிறது. சூலகம் ஓய்ந்தபின் உடலில் எஞ்சியிருக்கும் ஈஸ்ட்ரோஜனின் பெரும்பகுதி கொழுப்பிழையத்தில் உருவாவதே. அங்குள்ள நொதியம் ஒன்று வேறு ஹோர்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றித் தருகிறது. ஆதலால் மெலிந்த முதியவளுக்கு இரட்டை இழப்பு நேர்கிறது: எலும்பை உசுப்பும் பாரமும் இல்லை, அதனைக் காக்கும் ஹோர்மோனும் சொற்பம். போதாக்குறைக்கு விழும்போது இடுப்பைத் தாங்கும் சதைத் திண்டும் இல்லை. இடுப்புப் புறத்திலுள்ள கொழுப்பு, விழும் வேகத்தை உறிஞ்சும் மெத்தையாக உதவுவது ஆய்வுகூடங்களில் அளந்து காட்டப்பட்டுள்ளது.

ஆசியப் பெண்களுக்கென 2001இல் வகுக்கப்பட்ட ஒரு கணக்கு இந்த உண்மையை அப்படியே எண்ணில் வடிக்கிறது. கிலோகிராமில் எடையை எடுத்து, அதிலிருந்து வயதைக் கழித்து, வருவதை 0.2ஆல் பெருக்க வேண்டும். விடை -4இற்குக் கீழே போனால் எலும்பு நொய்மை இருப்பதற்கான வாய்ப்பு அதிகம். -1இற்கு மேலிருந்தால் குறைவு. 65 வயதில் 40 கிலோகிராம் எடையுள்ள அம்மையாருக்கு விடை -5. அதே வயதில் 70 கிலோகிராம் எடையுள்ளவருக்கு +1. எந்த இயந்திரமும் வேண்டாம், தராசு ஒன்றே போதும். மாதவிடாய் நின்ற பெண்களில் யாரை முதலில் பரிசோதனைக்கு அனுப்புவதென்று தீர்மானிக்க உதவும் கருவியாக இது இன்றும் பயன்படுகிறது.

அந்த +1ஐக் கண்டு நிம்மதியடையும் 70 கிலோகிராம் அம்மையாரிடம்தான் பிரச்சினை தொடங்குகிறது.

பல நாடுகளைச் சேர்ந்த 12 ஆய்வுகளில் இடம்பெற்ற ஏறத்தாழ 60,000 ஆண், பெண்களின் விவரங்களைத் தொகுத்து 2005இல் ஒரு கணிப்பு வெளியானது. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் உடற்திணிவுச் சுட்டி 25 ஆகவுள்ளவரோடு ஒப்பிடும்போது, சுட்டி 20 ஆகவுள்ளவருக்கு இடுப்பெலும்பு முறியும் ஆபத்து ஏறத்தாழ இருமடங்கு. ஆனால் சுட்டி 30 ஆகவுள்ளவருக்குக் கிடைத்த நன்மையோ 17 சதவீதம் மட்டுமே. 150 சென்ரிமீற்றர் உயரமான ஒரு பெண்ணை எடுத்துக்கொண்டால், 56 கிலோகிராமிலிருந்து 45 கிலோகிராமுக்கு இறங்குவது ஆபத்தை இரட்டிப்பாக்குகிறது. அதே 11 கிலோகிராமை மேலே ஏற்றினால் கிடைப்பது சொற்பம். மெலிவு கெடுதல் என்பது மிக உறுதியான செய்தி. பருமன் நன்மை என்பது அதிலிருந்து தானாகப் பிறக்கும் செய்தியன்று. எமது பொதுப்பேச்சில் இவ்விரண்டும் ஒன்றாகவே கருதப்படுகின்றன.

2011இல் வெளியான இன்னொரு முடிவு வைத்திய உலகில் சற்று அதிர்ச்சியையே ஏற்படுத்தியது. 10 நாடுகளில் 55 வயதைக் கடந்த 60,000இற்கு மேற்பட்ட பெண்களை உள்ளடக்கிய ஆய்வொன்றில், எலும்பு முறிந்தவர்களில் நால்வருக்கு ஒருவர் என்ற அளவில் பருமனானவர்கள் இருந்தனர். இது அந்த மக்களிடையே பருமனானவர்களின் விகிதத்தோடு ஏறத்தாழ ஒத்தது. அதாவது பருமன் அவர்களைக் காக்கவில்லை. கணுக்காலும் தொடையெலும்பும் அவர்களுக்கே கூடுதலாக முறிந்தன. மெத்தைபோல் கொழுப்பு படர்வது இடுப்பில். கணுக்காலில் அப்படியொரு காப்பு இல்லை. அத்துடன் கனத்த உடல் விழும்போது அதன் வேகமும் கனத்தது.

இதற்கும் முன்னரே, 2006இல், சீனாவில் 13,000இற்கு மேற்பட்டோரை ஆராய்ந்தவர்கள் ஒரு நல்ல கேள்வியை எழுப்பியிருந்தனர். ஒரே எடையுள்ள இருவரில் ஒருவருக்கு அந்த எடையில் கொழுப்பு மிகுதி, மற்றவருக்குத் தசை மிகுதி என்றால் எலும்பு யாருக்கு உறுதி? எடையைச் சமப்படுத்திப் பார்த்தபோது கொழுப்பு மிகுந்தவருக்கே எலும்புப் பிரச்சினைகள் கூடுதலாயிருந்தன. அதுவரை கொழுப்பின் நன்மையெனக் கருதப்பட்டதில் பெரும்பகுதி வெறும் பாரத்தின் நன்மை என்பது புலனாயிற்று. பாரத்தை எதுவும் தரலாம். தசையும் தரும், தலையிற் சுமக்கும் விறகுக்கட்டும் தரும்.

கொழுப்பு உடலில் எங்கே தங்கியிருக்கிறது என்பதும் முக்கியம். தோலுக்குக் கீழே தொடையிலும் இடுப்பிலும் படியும் கொழுப்பு ஒரு வகை. குடலையும் ஈரலையும் சூழ்ந்து வயிற்றுக்குள்ளே படிவது வேறொரு வகை. லொஸ் ஏஞ்சல்ஸில் இளம் பெண்களிடையே நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வில், முதல் வகை கூடியவர்களின் தொடையெலும்பு உறுதியாகவும், இரண்டாம் வகை கூடியவர்களின் எலும்பு நலிந்தும் காணப்பட்டது. வயிற்றுக் கொழுப்பு அழற்சியைத் தூண்டும் பொருட்களை ஓயாமல் இரத்தத்தில் கலக்கிறது. அவை எலும்பை இடிக்கும் கலங்களுக்கு ஊக்கமளிக்கின்றன. களியும் நல்லெண்ணெயும் ஊட்டிய எமது பாட்டிமார் இடுப்பில் சதை பிடிக்க வேண்டுமென்றார்களே தவிர வயிறு வைக்க வேண்டுமென்று சொல்லவில்லை என்பதை இங்கு நினைவுகூரலாம்.

மூன்றாவது இடமொன்றும் உண்டு. அதுவே இவ்விடயத்தில் மிகவும் விந்தையானது. எலும்பின் உள்ளே மச்சை இருப்பது யாவரும் அறிந்ததே. பிறந்த குழந்தையின் மச்சை முழுவதும் சிவந்தது, இரத்தம் உண்டாக்குவது. வயது ஏற ஏற அதன் இடத்தை மஞ்சள் நிறமான கொழுப்பு மெல்ல மெல்லப் பிடித்துக்கொள்கிறது. மச்சையிலுள்ள மூலக் கலமொன்று எலும்பு கட்டும் கலமாகவும் மாறலாம், கொழுப்புக் கலமாகவும் மாறலாம். ஒன்றின் தொகை கூடினால் மற்றையதன் தொகை குறையும். மூப்பிலும் ஈஸ்ட்ரோஜன் குறைவிலும் தராசு கொழுப்பின் பக்கமே சாய்கிறது. உணவை வெறுத்துப் பட்டினி கிடக்கும் மனநோய்க்கு ஆளான இளம் பெண்களை ஆராய்ந்தபோது, உடலில் கொழுப்பே இல்லாத நிலையிலும் அவர்களின் மச்சையில் கொழுப்பு மிகுந்திருக்கக் கண்டனர். வெளியே எலும்புந் தோலும், எலும்புக்குள்ளே கொழுப்பு! ஆகவே வெளித்தோற்றத்தைக் கொண்டு உள்ளிருப்பதை மதிப்பிட முடியாது.

இந்தத் தராசை ஒரு குளிசையாலும் சாய்க்க முடியுமென்பது நீரிழிவு மருந்தொன்றின் மூலம் தெரியவந்தது. ரொசிகிளிற்றசோன் என்ற மருந்து மூலக் கலத்தைக் கொழுப்பின் பக்கம் தள்ளும் இயல்புடையது. நான்கு ஆண்டுகளுக்கு மேலாக நடந்து 2006இல் முடிவு வெளியான பரிசோதனையில், அம்மருந்தை உட்கொண்ட பெண்களில் 9.3 சதவீதத்தினருக்கு எலும்பு முறிந்தது. மெற்போமின் உட்கொண்ட பெண்களில் அது 5.1 சதவீதமே. இதயத்துக்குக் கேடென்ற காரணத்தால் 2010இல் இந்தியா ரொசிகிளிற்றசோனைத் தடைசெய்தது. ஆயினும் அதே குடும்பத்தைச் சேர்ந்த பியோகிளிற்றசோன் இன்றும் வழக்கிலுள்ளது. அதனை உட்கொள்ளும் பெண்கள் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. எலும்பைப் பற்றித் தமது வைத்தியரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது தகும்.

நீரிழிவைப் பற்றிப் பேசாமல் எமது நாட்டில் கொழுப்பைப் பற்றிப் பேச முடியாது. 2005-2006 காலத்தில் இலங்கையில் நடத்தப்பட்ட ஆய்வில் வளர்ந்தோரில் 10.3 சதவீதத்தினருக்கு நீரிழிவும், நால்வரில் ஒருவருக்கு மேல் வயிற்றுப் பருமனும் காணப்பட்டன. போர்ச்சூழலால் வடக்கும் கிழக்கும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. தேசத்தின் கணக்கில் இவ்வாறு விடுபட்டுப் போவது எமக்குப் பழகிப்போன ஒன்று. இரண்டாம் வகை நீரிழிவுள்ளவர் பெரும்பாலும் எடை கூடியவர். அவரது எலும்பை இயந்திரத்தில் அளந்தால் திணிவு சாதாரணமாகவோ அதற்கு மேலாகவோ காட்டும். ஆயினும் அவருக்கு இடுப்பெலும்பு முறியும் ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் 1.7 மடங்கு என 2007இல் வெளியான தொகுப்பாய்வு சொல்கிறது.

இது எப்படி? எலும்பின் உறுதி அதிலுள்ள கல்சியத்தின் அளவில் மட்டும் தங்கியிருப்பதில்லை. கல்சியத்தைப் பிணைத்து நிற்கும் புரத நாரும் வேண்டும். பல ஆண்டுகள் மிகுந்திருக்கும் சர்க்கரை அந்த நாரில் ஒட்டி அதன் நெகிழ்வைக் கெடுக்கிறது. சீமெந்து இருக்கிறது, கம்பி துருப்பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அளக்கும் இயந்திரத்துக்குச் சீமெந்து மட்டுமே தெரியும். மேலும் நீரிழிவால் காலில் உணர்வு குன்றுவதும், கண் மங்குவதும், மருந்தின் வேகத்தால் சர்க்கரை திடீரென இறங்கித் தலைசுற்றுவதும் விழுகைக்கு வழிகோலுகின்றன. வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு மிகுந்தால் முதுகெலும்பின் அளவையே இயந்திரம் பிசகாகக் காட்டக்கூடும் என்பதும் நினைவிலிருக்கத்தக்கது. பத்தாண்டுக்குள் எலும்பு முறியும் வாய்ப்பைக் கணிக்க இங்கிலாந்தின் ஷெபீல்ட் பல்கலைக்கழகம் 2008இல் வெளியிட்ட கணிப்பானில் இலங்கைக்கென்றும் தனிப் பகுதி உண்டு. அதிலும் இரண்டாம் வகை நீரிழிவு ஒரு காரணியாகக் கேட்கப்படுவதில்லை. ஆகவே நீரிழிவுள்ளவருக்கு அக்கணிப்பு உண்மையான ஆபத்தைக் குறைத்தே காட்டும்.

'நாங்கள் அப்படியொன்றும் பருமனானவர்களல்லவே' என்று வாசகர் சிலர் நினைக்கலாம். அவர்களுக்கு 2004இல் பிரபல மருத்துவ ஏடொன்றில் வந்த இரு புகைப்படங்களின் கதையைச் சொல்ல வேண்டும். ஒருவர் பூனாவைச் சேர்ந்த வைத்தியர் சித்தரஞ்சன் யாஜ்னிக். மற்றவர் அவரது ஆங்கிலேய நண்பரான வைத்தியர் ஜோன் யூட்கின். இருவரதும் உடற்திணிவுச் சுட்டி ஒன்றேதான், 22.3. உடலிலுள்ள கொழுப்பை அளந்தபோது ஆங்கிலேயருக்கு 9.1 சதவீதம், இந்தியருக்கு 21.2 சதவீதம். தெற்காசியரின் மெலிந்த உடலுக்குள் கொழுப்பு ஒளிந்திருக்கிறது, தசைதான் குறைவு. இதனை உணர்ந்தே உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு அதே 2004இல், ஆசியருக்கு 23 என்ற சுட்டியிலிருந்தே கவனம் தேவையெனப் பரிந்துரைத்தது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினால் வயிற்றுக் கொழுப்பு மிகுந்துவிட்டதெனக் கொள்ளலாம். எலும்பைப் பொறுத்தவரை எமது உடல்வாகு இரு பக்கத்துக் கெடுதலையும் ஒருங்கே கொண்டது: பாரந்தரும் தசை இல்லை, கேடுதரும் கொழுப்பு இருக்கிறது.

இதனாற்றான் ஒரே வீட்டில் 40 கிலோகிராம் தாயும், 72 கிலோகிராம் மகளும் வேறு வேறு வழிகளில் அதே ஆபத்தை நோக்கிச் செல்லக் காண்கிறோம். தாய்க்குத் துலாவும் உரலும் அம்மியும் இருந்தன. கிணற்றில் அள்ளி, குடத்தை இடுப்பில் வைத்து நடந்த உடம்பு அது. கொழுப்பில்லாமலே எலும்புக்குச் சுமை கிடைத்தது. மகளுக்கு நீர் இறைக்க மோட்டர், இடிக்க ஆலை, அரைக்க மின்சாரம். பழைய வாழ்வைப் போற்றிப் பாடுவது எமது நோக்கமன்று. அக்காலத்தில் எலும்பு நொய்மை வரும் வயதுவரை வாழ்ந்தவர்களே குறைவு. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே இலங்கையரில் 12.4 சதவீதத்தினர் 60 வயதைக் கடந்திருந்தனர். அந்த விகிதம் தொடர்ந்து ஏறி வருகிறது.

இன்று நாற்பதிலும் ஐம்பதிலும் இருப்போரைப் பற்றி இன்னொன்று. ஒருவரின் எலும்பு முதலீடு பதின்ம வயதிலும் இருபதுகளிலும் சேர்க்கப்படுவது. முப்பதுக்குப் பின் செலவு மட்டுமே. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்குள் குடாநாட்டில் வளர்ந்தவர்களும், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்து முகாம்களில் வளர்ந்த முஸ்லிம் பிள்ளைகளும், 1995 ஒக்டோபரில் மானிப்பாய் உட்பட வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது வழியிலும் பாடசாலைகளிலும் தங்கியவர்களும் அந்த முதலீட்டைச் சேர்க்க வேண்டிய வயதில் இருந்தவர்கள். பாலும் முட்டையும் மீனும் வேண்டிய காலத்தில் அவை கிடைக்கவில்லை. அவர்களில் பலர் இன்று உடல் பருத்து, நீரிழிவுக்குக் குளிசை போடுகின்றனர். 2022இன் நெருக்கடியில் பால்மாவின் விலை எட்டாத உயரத்துக்குப் போனபோது வளர்ந்துகொண்டிருந்த பிள்ளைகளின் கணக்கும் இதே வகையில் எழுதப்பட்டிருக்கலாம். யாழ்ப்பாண, கிழக்குப் பல்கலைக்கழகங்களின் மருத்துவ பீடங்கள் ஆராயத்தக்க பொருள் இது.

இனி, எடையைக் குறைப்பது நல்லதா? நல்லது, ஆனால் எப்படிக் குறைக்கிறோம் என்பதில் எலும்பின் கதி தங்கியுள்ளது. உணவை மட்டும் குறைத்து உடல் எடையில் பத்திலொரு பங்கை இழப்பவர் இடுப்பெலும்பில் ஒன்று முதல் இரண்டு சதவீதத்தையும் சேர்த்தே இழக்கிறார். 65 வயதைக் கடந்த பருமனான அமெரிக்கர் 160 பேரிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான பரிசோதனை இதனைத் தெளிவாக்கியது. எடை குறைப்போடு நடை போன்ற பயிற்சியை மட்டும் செய்தவர்கள் இடுப்பெலும்புத் திணிவில் 3 சதவீதத்தை இழந்தனர். பாரந்தூக்கும் பயிற்சி செய்தவர்கள் இழந்தது 0.5 சதவீதம். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்கள் 1 சதவீதத்தையே இழந்ததோடு, எழுந்து நடமாடும் வல்லமையில் மற்ற இரு பிரிவினரையும் விஞ்சினர். காலையில் வீதியில் கைவீசி நடப்பதோடு கடமை முடிந்ததென எண்ணுவோர் இதைக் கவனிக்கலாம். இன்று வெளிநாடுகளிலும் கொழும்பிலும் பேசப்படும் எடைகுறைக்கும் ஊசிகளுக்கும் இது பொருந்தும். டென்மார்க்கில் நடத்தப்பட்டு 2024இல் வெளியான ஆய்வில், ஊசியை மட்டும் பெற்றவர்களின் எலும்புத் திணிவு குறைந்தது. ஊசியோடு உடற்பயிற்சியும் செய்தவர்களின் எலும்பு காப்பாற்றப்பட்டது.

பாரந்தூக்கும் பயிற்சி என்றதும் இளைஞர்களின் உடற்பயிற்சிக் கூடத்தை எண்ணி மலைக்க வேண்டியதில்லை. கைபிடிக்காமல் கதிரையிலிருந்து பத்துமுறை எழுந்து இருத்தல், படி ஏறுதல், சுவரில் கையூன்றித் தள்ளுதல், இரு போத்தல்களில் நீர் நிரப்பித் தூக்கி இறக்குதல் ஆகியவற்றை வீட்டு விறாந்தையிலேயே பெண்கள் தனிமையில் செய்துகொள்ளலாம். எலும்பு ஏற்கெனவே முறிந்தவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்டபின் தொடங்க வேண்டும்.

வெயில் தாராளமாகக் காயும் நாட்டில் விற்றமின் டி குறைபாடு எங்ஙனம் வருமென்று பலர் வியப்பர். தெற்காசியா முழுவதும் இக்குறை பரவலாயுள்ளது. முழு உடை அணியும் முஸ்லிம் பெண்களுக்கே இது உரியதென எண்ணுவது பிழை. கறுத்துவிடுவோமென்று குடைக்குள் ஒதுங்கும் தமிழ்ப் பெண்களும், அலுவலகத்தில் நாளெல்லாம் அடைந்திருக்கும் ஆண்களும் இதே வரிசையில் உள்ளவர்கள். இதிலும் கொழுப்புக்கு ஒரு பங்கு உண்டு. இந்த விற்றமின் கொழுப்பில் கரைவது. கொழுப்பிழையம் அதை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. 2000ஆம் ஆண்டில் பொஸ்ரனில் ஒரே அளவு ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தபோது, பருமனானவர்களின் இரத்தத்தில் விற்றமின் டி உயர்ந்த அளவு மற்றவர்களைவிட 57 சதவீதம் குறைவாயிருந்தது. மதிலும் வேலியும் சூழ்ந்த வளவுகளும் உள்முற்றங்களும் எமது இரு சமூகத்து வீடுகளிலும் உண்டு. முகமும் முன்கையும் வெயில்பட அங்கே சற்று நேரம் இருப்பதற்கு எவரது மறைப்பும் குலையாது.

உணவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் தேவையானது எமது அடுக்களையிலேயே உள்ளது. 100 கிராம் குரக்கனில் சுமார் 350 மில்லிகிராம் கல்சியம் உண்டு. எள்ளும் முருங்கையிலையும் அதனினும் மேலானவை. முள்ளோடு உண்ணும் நெத்தலி மற்றொன்று. உளுத்தங்களி புரதத்துக்கு நல்லது. ஊற்றும் எண்ணெயை மட்டும் வளரும் பிள்ளைக்கு ஓரளவாகவும், ஐம்பதைக் கடந்த தாய்க்கு அதனினும் குறைத்தும் ஊற்றினாற் போதும்.

பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்க, பெரிய வீட்டில் தனித்திருக்கும் முதியோர் எமது ஊர்களில் மலிந்துவிட்டனர். கழுவிவிட்ட சீமெந்துத் தரையும், கிணற்றடிப் பாசியும், இரவில் விளக்கில்லாத மலசலகூட வழியும் அவர்களின் எலும்புக்கு உடனடி எதிரிகள். கைபிடிக் கம்பியொன்றும் மின்குமிழொன்றும் பூட்டுவதற்குச் சில ஆயிரம் ரூபாவே செலவாகும். நின்ற நிலையில் விழுந்து மணிக்கட்டு முறிந்தால், முறிவு நெரிவு வைத்தியரிடமோ ஆஸ்பத்திரியிலோ கட்டுப்போட்டு ஆறியதும் அதை மறந்துவிடுவதே எமது வழக்கம். ஐம்பதைக் கடந்தவருக்கு அப்படியொரு முறிவு நேர்ந்தால், அவர் 40 கிலோகிராமாயினும் 80 கிலோகிராமாயினும், எலும்புத் திணிவைப் பரிசோதிப்பதற்கான கடிதத்தையும் இரத்தச் சர்க்கரைப் பரிசோதனையையும் அதே கிளினிக்கில் கேட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும்.